காத்திருக்காத காகிதங்கள்

சித்தையன்கோட்டைக்காரர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிர் பிரிந்தால், அந்த இறப்பு பதிவாக வேண்டிய இடம் திண்டுக்கல். மதுரை ராஜாஜி மருத்துவமனை வரை கொண்டுபோய் அங்கே பிரிந்தால் மதுரை. வீட்டுத் திண்ணையிலேயே பிரிந்தால்தான் சொந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகம். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு என்கிறது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். அதற்குக் கொடுத்திருக்கும் நாள் 21. துக்கம் கேட்க வருகிறவர்கள் எத்தனையோ பேசுவார்கள். இந்த 21 நாள் கணக்கைப் பேசுகிறவர் அபூர்வம்.

பேசப்படுவது வேறு. தோட்டத்துப் பட்டா யார் பெயருக்கு மாறுவது, பீரோ சாவி யாரிடம், அண்ணன் தம்பிக்குள் கணக்கு எப்படி என்பதெல்லாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே அடிபட ஆரம்பித்துவிடும். இதில் எதற்கும் அப்படி ஓர் அவசரம் கிடையாது. பங்கு பிரிப்பதை அடுத்த மாதம் செய்தாலும் அடுத்த வருடம் செய்தாலும் வாரிசின் உரிமை ஒரு துளி குறையாது. கெடு இருப்பது வேறு காகிதங்களுக்கு: இறப்புப் பதிவுக்கு, காப்பீட்டு கிளெய்முக்கு, விபத்து இழப்பீட்டு மனுவுக்கு. துணையை இழந்த வீடுகளில் பணமும் நிலமும் கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த வரிசை மாறிப்போவதால்தான். காத்திருக்கக்கூடியதை அவசரப்படுத்துகிறார்கள், காத்திருக்காததைத் தள்ளிப்போடுகிறார்கள்.

முதலில் இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்குமேல் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி. ஓராண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் நிலையிலுள்ள நிர்வாக நடுவரின் உத்தரவு. மருத்துவமனை இறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிடும். வீட்டில் நடந்த இறப்பைக் குடும்பத்தார்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

பதிவில் எழுதப்படும் பெயர்தான் பிறகு எல்லா வாசலிலும் நின்று கேள்வி கேட்கும். நம் ஊரில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். ரேஷன் கார்டில் ஊர் கூப்பிட்ட பெயர், ஆதாரில் பள்ளிச் சான்றிதழ்ப் பெயர், நிலப் பத்திரத்தில் தாத்தா பெயரையும் சேர்த்த நீளமான பெயர். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் விரித்துப் பின்னால். முஸ்லிம் பெயர்களில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். துக்க வீட்டிலிருந்து ஓடிப்போன தூரத்து உறவுப் பையன் வாய்மொழியாகச் சொன்ன பெயரே பதிவாகிவிட்டால், அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய நேரும். பதியப் போகிறவர் கையில் இறந்தவரின் ஆதார் அட்டை இருந்தால் போதும். அதைப் பார்த்து எழுதச் சொல்லலாம். எழுதியதை வாங்கி ஒருமுறை படித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

நோயில் போனவர் வீட்டுக்கு முதலில் இவ்வளவுதான். விபத்தில் போனவர் வீட்டுக்கு இன்னொரு முடிவு, அதுவும் அன்றைக்கே எடுக்க வேண்டிய முடிவு, எதிரில் நிற்கும். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், வயலில் பாம்பு கடித்தவர், செம்பட்டி சாலையில் வண்டி மோதியவர்: இவர்கள் உடலைப் பார்த்ததும் வயதானவர்கள் சொல்வது ஒன்றுதான், “அறுக்க வேண்டாம்யா, அப்படியே எடுத்துட்டுப் போயிரலாம்.” அந்த வலி யாருக்கும் புரியும். ஆனால் சாலை விபத்தில் போலீசில் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் இழப்பீடு கேட்பது ஏறக்குறைய முடியாத காரியம். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றில் பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டம் கொஞ்சம் இறங்கி வருகிறது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோன பதிவு இருந்தால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பதிவும் இல்லையென்றால், விபத்து நடந்ததற்குச் சாட்சி ஊர்ப் பேச்சு மட்டும்தான்.

சாலை விபத்துக்கு ஒரு கெடுவும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்திருந்தாலும் கைவிரிக்க வேண்டியதில்லை; அடையாளம் தெரியாத வாகனத்தால் நேரும் மரணத்துக்கு அரசுத் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் உண்டு.

இந்த இடத்தில் முஸ்லிம் வீடுகளைத் தனியே சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின் மனைவி இத்தா என்னும் காத்திருப்பில் இருக்கும் காலம் நான்கு மாதம் பத்து நாள். அந்தக் காலத்தில் வெளிவேலை எல்லாம் அண்ணன், தம்பி, மருமகன் கையில் போய்விடுகிறது. ஆறு மாதக் கெடுவில் நான்கு மாதத்துக்குமேல் அவர் வீட்டுக்குள்ளேயே கழிகிறது. அவசியமான வேலைக்குப் பகலில் வெளியே போய்வர மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று ஆலிம்கள் சொல்வதை அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான். வெளியே போகாவிட்டாலும், எந்தக் காகிதம் எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

அடுத்து பாஸ்புக். இறந்தவரின் பாஸ்புக்கைக் கடைசி வரி வரை பதியச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் நிதானமாக வாசிக்க வேண்டும். மே கடைசியிலோ ஜூன் முதலிலோ 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அப்படியென்றால் அவர் பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் இருந்திருக்கிறார்; எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது சுரக்ஷா பீமா. விபத்து மரணத்துக்கு இன்னொரு 2 லட்சம். 2015-இல் தொடங்கிய இந்த இரண்டு திட்டங்களும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஓடுபவை. கணக்குத் தொடங்கும்போது கொடுத்த படிவத்தில் எங்கோ போட்ட ஒரு கையெழுத்தால் வருடாவருடம் தானாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிடிப்பது கணக்கு வைத்திருந்தவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். மனைவிக்கு எப்படித் தெரியும்? புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாள் விபத்து மரணம் தவிர வேறெதற்கும் பணம் வராது, ஜோதி திட்டத்தில் 55 வயதுக்குமேல் பாதுகாப்பு இல்லை என்கிற நிபந்தனைகள் இருக்கின்றன. பணம் பிடித்த கிளையிலேயே படிவம் கொடுக்க வேண்டும்.

அதே பாஸ்புக்கில் மாதாமாதம் வேறு தொகைகள் போயிருக்கலாம்: எல்.ஐ.சி. பிரீமியம், அஞ்சலகச் சேமிப்பு, வண்டிக் கடன் தவணை. ஒவ்வொரு வரியும் ஒரு தடயம். இறந்தவர் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து நூற்பாலையிலோ வேறு கம்பெனியிலோ பி.எஃப். பிடித்தத்தோடு வேலை பார்த்தவர் என்றால், சேர்த்த பணம் மட்டுமல்லாமல், அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியமும் உண்டு. இ.எஸ்.ஐ. இருந்தால் ஈமச் செலவுக்கே 15,000 ரூபாய் தருகிறார்கள். ஆலை நிர்வாகம் தானாகக் கூப்பிட்டுத் தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கடைசி மாதச் சம்பளச் சீட்டில் இருக்கும் பி.எஃப். எண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும்.

ஏ.டி.எம். அட்டையும் அதன் ரகசிய எண்ணும் வீட்டில் இருக்கும். இறந்த மறுவாரமே எடுத்துச் செலவழிப்பது பல வீடுகளில் நடக்கிறது. அது தப்பு. மரணத்தோடு அந்தப் பணம் எல்லா வாரிசுகளுடையதும் ஆகிவிடுகிறது. நாளைக்கு ஒரு சச்சரவு வந்தால் முதலில் கேட்கப்படும் கணக்கு அதுவாகத்தான் இருக்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும், ‘இருவரில் எவராவது அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற நிபந்தனையோடு இருந்த கணக்கென்றால் சிக்கல் இல்லை. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து இருப்பவர் தொடர்ந்து நடத்தலாம்.

இனி, நாமினி. “என் பெயர்தானே போட்டிருக்கு, பணம் எனக்குத்தானே” என்று நினைக்காத மனைவி இல்லை. ஜக் மோகன் ஸ்வரூப் என்பவர் 1982 ஜூன் 15 அன்று உயில் எழுதாமல் இறந்தார். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு எல்.ஐ.சி. பாலிசிகள், இரண்டிலும் நாமினி மனைவி உஷா தேவி. இறந்தவரின் தாய் சர்பதி தேவியும், மகனும் தங்களுக்கும் பங்கு உண்டென்று நீதிமன்றம் போனார்கள். 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, வாங்கிய பணம் வாரிசுச் சட்டப்படி பிரிய வேண்டும். தாய், மனைவி, மகன், மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் அந்த நிலையை நாடாளுமன்றம் 2015-இல் மாற்றியது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் இப்போது பணம் அவருக்கே சொந்தம். வங்கி டெபாசிட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே பழைய விதிதான். பங்குப் பத்திரங்களுக்கும் அப்படியே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் உறுதிசெய்தது. ஆக, ஒரே பீரோவில் இருக்கும் எல்.ஐ.சி. பாலிசிக்கும் வங்கி டெபாசிட் ரசீதுக்கும் ஒரே நாமினி, ஆனால் சட்டம் வேறு. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே இதனால் வரும் மனத்தாங்கலில் பாதி, இது தெரிந்திருந்தால் வந்திருக்காது.

வங்கியில் நாமினி இருக்கிறார் என்றால், பணத்தைக் கொடுக்க நீதிமன்றச் சான்று கேட்கக்கூடாது. நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறையில் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். கூட்டுறவு வங்கியென்றால் அந்த வரம்பு 5 லட்சம். ஆவணங்கள் முழுமையாகக் கைக்கு வந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் வங்கி வட்டி சேர்த்துத் தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் பிறப்பித்த விதிகள் இவை. 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. “நாளைக்கு வாம்மா” என்று அலையவிடும் கிளையில், இந்த 15 நாள் விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேட்கலாம். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் மட்டும் இதற்குள் வராது. சொசைட்டியில் வைத்த டெபாசிட்டுக்குச் சங்கத்தின் நடைமுறைதான்.

யார் வாரிசு என்பதைச் சொல்லும் காகிதம் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, சித்தையன்கோட்டை என்றால் ஆத்தூர் வட்டாட்சியர் வழங்குவார். அதில் பெயர்கள் இருக்கும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று இருக்காது. இரண்டு பெயர்கள் இதில் வழக்கமாக விடுபடும். ஒன்று, கட்டிக்கொடுத்துவிட்ட மகள். இன்னொன்று, இறந்தவரின் தாய். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் நிலை வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. மகனைப் பறிகொடுத்த தாயை மறைத்து வாங்கிய சான்றிதழ் பின்னால் ரத்தாகும் என்பது ஒரு பக்கம். அந்த வயதில் அவருக்கென்று உள்ள பங்கைப் பறிப்பது அநியாயம் என்பதுதான் பெரிது.

முஸ்லிம் குடும்பத்தில் கணக்கு வேறு. முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன், அதன்பின் உயில் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அது, மிச்சம்தான் பங்கு. கொடுக்காமல் விட்ட மஹர் என்னும் மணக்கொடையும் கடன் கணக்கில்தான் வரும். நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய தொகையைச் சொத்து பிரிப்பதற்கு முன்பே மனைவிக்குக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நாலில் ஒன்று. ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டுப்போனால், சொத்தை 24 பங்காக வைத்தால் மனைவிக்கு 3, தாய்க்கு 4. மீதி 17-ஐ மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரிப்பார்கள். ஜமாத்தில் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். மஹரைத்தான் மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு.

இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் முழு உரிமை என்பது வெகு நாள் கதையல்ல. 1937-இன் சட்டம் கொடுத்தது ஆயுள் காலத்துக்கு அனுபவிக்கும் உரிமை, இஷ்டம்போல் விற்க முடியாது. 1956-இல்தான் அது முழு உரிமையானது. இந்த மாற்றத்தின் காலத்தை அப்படியே வாழ்ந்த ஒருவர் சித்தையன்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தார். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904-இல் பிறந்த சௌந்தரம், இளம் வயதிலேயே கணவரை இழந்தார். பிறகு டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார், ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார்; 1947-இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார். 1952 தேர்தலில் ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். வசதியும் ஆதரவும் உள்ள குடும்பம் அவருடையது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. ஆனாலும் கணவனை இழந்த பெண் மறுமணம் செய்தால் பங்கு போய்விடும் என்று இன்றும் ஊரில் பயமுறுத்துகிறவர்கள் அவர் கதையையும் இன்றைய சட்டத்தையும் தெரிந்துகொள்ளலாம். கணவர் இறந்த அன்று மனைவிக்கு வந்த பங்கு அவருடையது. பிறகு மறுமணம் செய்தாலும் அது திரும்பிப் போகாது.

திரும்பிப் போவது கையெழுத்தால்தான்.

பதினாறாம் நாள் முடிந்து நாலைந்து நாளில் கொழுந்தன் வந்து உட்காருவார். “மதினி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பட்டா மாத்தறதுக்குத்தேன். எல்லாரும் வர்ற அன்னைக்கே ஆபீசுக்குப் போய்ட்டு வந்துரலாம்.” அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை; குடும்பச் சொத்து சிதறக்கூடாது என்ற எண்ணமாகவும் இருக்கலாம். ஆனால் பட்டா மாற்ற வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போனால் போதும். சார்பதிவாளர் முன்னால் விரல்ரேகை வைக்க வேண்டிய வேலையே அதில் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் அங்கே இருப்பது விடுதலைப் பத்திரமாகவோ, பாகப்பிரிவினையாகவோ, பவர் பத்திரமாகவோதான் இருக்கும். விடுதலைப் பத்திரம் என்றால் அந்தப் பெண் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். குடும்பங்களுக்கு உதவத்தான் அரசு அப்படி வைத்திருக்கிறது. அந்த உதவியே சில நேரம் ஒரு பெண்ணின் பங்கை மலிவாகக் கழற்றிவிடும் வழியாகிவிடுகிறது.

பதிந்த பத்திரத்தை ஏமாற்றி வாங்கியது என்று ரத்து செய்ய உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அதைவிட எளிது, பத்திரத்தின் தலைப்பை ஒருமுறை வாசிப்பது. வாசிக்கத் தெரியாதவர் சார்பதிவாளரிடமே, “இது என்ன பத்திரம், எனக்கு என்ன வருது?” என்று வாய்விட்டுக் கேட்கலாம். பிறந்த வீட்டு அண்ணனோ தம்பியோ கூட இருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே இருந்தால் தாய் நினைத்தாலும் அவர்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்துக் குழந்தையின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தாய்க்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். முஸ்லிம் சட்டத்தில் தாய் பிள்ளைகளை வளர்க்கலாம், ஆனால் அவர்கள் சொத்துக்குத் தானாகக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. நீதிமன்றம் நியமிக்க வேண்டும். “பிள்ளைங்க பங்கையும் சேத்து நீயே கையெழுத்துப் போடும்மா” என்று சொல்கிறவர் ஒன்று சட்டம் தெரியாதவர், இல்லை தெரிந்தே சொல்கிறவர்.

நிலத்தை அவசரமாகப் பிரிக்காமல் என்ன செய்யலாம்? எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளலாம். யாரும் எதையும் இழக்கவில்லை, பயிர் நிற்காது, பேசி முடிவெடுக்க நேரம் கிடைக்கும். பிரிக்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், இறந்தவர் நிலத்தைப் பதிவுசெய்து அடமானம் வைத்திருந்தால் தெரியும்.

கடன்காரர்களும் வருவார்கள், அவர்களுக்குப் பொறுமை கிடையாது. கணவன் வாங்கிய கடனை மனைவி கட்டியே ஆக வேண்டும் என்பது ஊர் வழக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் வாரிசுக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவு வரைதான் அவர் கடனுக்கு வாரிசு பொறுப்பு. மனைவி கூடக் கையெழுத்துப் போட்டிருந்தால், ஜாமீன் நின்றிருந்தால் மட்டும் அவர் சொந்தப் பொறுப்பு. அவருடைய சம்பளத்தையோ, பிறந்த வீட்டு நகையையோ, அவர் பெயரிலுள்ள வீட்டையோ கணவனின் தனிக் கடனுக்காகக் கேட்க முடியாது. வெற்றுப் பாண்டு பேப்பரை நீட்டி, “அவர் வாங்கினதுதான், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு உறுதி பண்ணிக்கங்க” என்று கேட்பார்கள். அதில் போடும் கையெழுத்து, இல்லாத பொறுப்பைப் புதிதாக உண்டாக்கிவிடும். ரன் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று மிரட்டினால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது; போலீசில் புகார் கொடுக்கலாம்.

நகைக்கடன் ரசீது வேறு ரகம். சொசைட்டியிலோ வங்கியிலோ இருக்கும் நகை ஏலம் போகும் முன் கடிதம் எழுதி, இறப்பைத் தெரிவித்து, வாரிசுகள் மீட்பதாகச் சொல்ல வேண்டும். அந்த ரசீதுகள் பெரும்பாலும் சட்டைப் பையிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். தேடிப் பார்க்க வேண்டும். வண்டிக்கும் கெடு உண்டு. உரிமையாளர் இறந்ததை 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். பி.எம். கிசான் பணம் இறந்தவர் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால் அதை எடுக்காமல், நிலம் பெற்ற வாரிசு தன் பெயரில் பதிந்துகொள்வதுதான் முறை.

அரசின் கை கொஞ்சம் நீளும். ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்தவர் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒருமுறை 20,000 ரூபாய் உண்டு. சிறு, குறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. இயற்கை மரணத்துக்கான தொகையை 30,000 ஆகவும் விபத்து மரணத்துக்கானதை 2 லட்சமாகவும் உயர்த்துவதாக 2025 வேளாண் பட்ஜெட் அறிவித்தது. கட்டட வேலை பார்த்தவருக்கு நலவாரியம். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் என்றே 2022-இல் தனி வாரியம் அமைந்தது. பெரும்பாலானவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகமும் இ-சேவை மையமும்தான் வாசல். எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது அந்த இறப்புச் சான்றிதழ்.

மனைவியை இழந்த கணவரைப் பற்றி இப்படிப்பட்ட கட்டுரைகள் பேசுவதே இல்லை. அவருக்கும் அதே பாஸ்புக் வாசிப்பு உண்டு. 436 ரூபாய் மனைவி கணக்கிலும் பிடித்திருக்கலாம். மகளிர் குழுவில் அவர் வாங்கிய கடன், குழுவில் போட்ட சேமிப்பு இரண்டையும் குழுத் தலைவியிடம் கேட்டு முடிக்க வேண்டும். மனைவியின் சொத்து முழுவதும் தானாகக் கணவருக்கு வந்துவிடாது. இந்துப் பெண்ணின் சொத்தில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. பிள்ளையில்லாமல் இறந்தால், அம்மா அப்பாவிடமிருந்து அவருக்கு வாரிசாக வந்த நிலம் அவருடைய தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். முஸ்லிம் கணவருக்குப் பிள்ளைகள் இருந்தால் நாலில் ஒன்று, இல்லாவிட்டால் பாதி.

இருவரும் நன்றாக இருக்கும்போதே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவராக மட்டும் போடலாம். தாயையும் மனைவியையும் சேர்த்தே போட இப்போது வழி இருக்கிறது. உயில் எழுத பத்திரப்பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் போதும். பத்து வருடம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போன பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். எங்கே கணக்கு இருந்தது என்றே தெரியாதவர்கள் தேடிப் பார்க்க 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது.

இத்தனைக்கும் வக்கீல் வைக்கக் காசு ஏது என்று மலைக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்றக் கட்டணத்தையும் ஆணைக்குழுவே பார்த்துக்கொள்ளும். திண்டுக்கல் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். கூப்பிட 15100 என்ற எண். வழக்குப் போடுவதற்கு முன்பே கொழுந்தனையும் மதினியையும் ஒன்றாகக் கூப்பிட்டுப் பேசி முடிக்கும் லோக் அதாலத்தும் அங்கேதான் நடக்கிறது. அங்கே எட்டும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது.